கியர் செட்டை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்

இருபத்தோரு கியர் என்று சொல்லி வாங்கிய சைக்கிளை ஒரே கியரில் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். எந்தக் கல்லூரி விடுதியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாங்கிய புதிதில் 'டக் டக்' என்று மாறிய கியர், ஒரு மழைக்காலம் முடிந்ததும் 'கர கர' என்று சத்தம் போட ஆரம்பிக்கும். மூன்றாவதில் போட்டால் நான்காவதுக்கு ஓடும். அழுத்தி மிதித்தால் செயின் துள்ளும். கொஞ்ச நாளில் உரிமையாளர் சமாதானம் ஆகிவிடுவார். "எனக்கு இந்த ஒரு கியர் போதும்டா" என்பார். அதற்கடுத்த கட்டம், ஸ்டாண்டின் மூலையில் காற்றிறங்கிய டயரோடு துருப்பிடிப்பது.

சமாதானம் ஆகாதவர்கள் கடைக்குப் போவார்கள். அங்கே நடக்கும் உரையாடல் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, கியர் சரியா விழ மாட்டேங்குது."

"கியர் செட்டே போச்சு தம்பி. புதுசு போட்டாத்தான் சரியாகும்."

என் கட்சி இதுதான். இப்படி 'போச்சு' என்று தீர்ப்பு சொல்லப்படும் கியர் செட்டுகளில், நான் பார்த்தவரையில், பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடும் வரிசை தெரியாததால், கண்ணில் படுகிற, விலை அதிகமான பாகத்தின் தலையில் பழி விழுகிறது. இது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. சிக்னலில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் துள்ளினால் கால் நழுவி, முன்னால் விழுவோம். பின்னால் வருகிற லாரிக்கு நம் கியர் பிரச்னை தெரியாது. ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே பேசலாம் என்று நினைக்கிறேன். தொழில்நுட்பம் என்று பயந்து ஓடிவிடாதீர்கள், பிளஸ் டூ இயற்பியல்கூட வேண்டாம். :-)

அந்தக் கருவி செய்கிற வேலை என்ன?

பின் சக்கரத்தின் வலதுபக்கம் தொங்குகிற அந்தக் கருவிக்கு டீரெய்லர் என்று பெயர். தடம் புரள வைப்பது என்று அர்த்தம். ரயில் தடம் புரண்டால் விபத்து, இங்கே அதுவே வேலை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து தள்ளிப் பக்கத்துப் பல்சக்கரத்தில் ஏற்றுவது. உள்ளே நான்கு மூட்டுகள் உள்ள ஒரு சட்டம், ஒரு ஸ்பிரிங், செயின் ஓடுவதற்கு இரண்டு குட்டிச் சக்கரங்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒயர் இழுத்தால் டீரெய்லர் உள்ளே, அதாவது பெரிய பல்சக்கரத்தை நோக்கிப் போகும். ஒயரை விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே, சின்னப் பல்சக்கரத்தை நோக்கிக் கொண்டுவரும். ஒயருக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டுமே தெரியும். திரும்பி வருவது முழுக்க ஸ்பிரிங்கின் பொறுப்பு. நம்மூர் விலை குறைந்த கியர் சைக்கிள்கள் எல்லாமே அநேகமாக இந்த அமைப்புதான்.

இப்போது அளவுகளைப் பார்ப்போம். ஷிமானோவின் 7 கியர் அமைப்பில் இரண்டு பல்சக்கரங்களின் நடுவே உள்ள தூரம் 5 மி.மீ. ஹேண்டில்பாரில் ஒரு 'கிளிக்' கொடுத்தால் ஒயர் சுமார் 3 மி.மீ. நகரும். டீரெய்லர் அதை 1.7 மடங்காகப் பெருக்கி 5 மி.மீ. ஆக்கிக்கொள்ளும். இதிலிருந்து ஒன்று புரிகிறதா? ஒயரில் வெறும் 1 மி.மீ. தளர்ச்சி இருந்தால், டீரெய்லர் 1.7 மி.மீ. தள்ளி நிற்கும். அது இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சத்தம் வராமல் என்ன செய்யும்?

அந்த 1 மி.மீ. எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கியர் ரிப்பேர் என்பதில் பாதி. டீரெய்லர் பாவம், ஒயர் சொன்ன இடத்தில் நிற்கிறது.

திருப்புளியைக் கீழே வையுங்கள்

கியர் தகராறு என்றதும் எல்லோரும் முதலில் செய்வது டீரெய்லரில் தெரிகிற இரண்டு சின்ன ஸ்குரூக்களைத் திருகுவது. அவற்றின் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'எச்', 'எல்' என்று எழுதியிருக்கும். இவை என்ன செய்கின்றன என்று தெரியாமல் திருகுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அவை வெறும் எல்லைக் கற்கள். 'எச்', சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே போகாமல் தடுக்கும். 'எல்', பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே போகாமல் தடுக்கும். நடுவில் இருக்கும் ஐந்து கியர்களுக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வயலின் எல்லைக்கல்லை நகர்த்தினால் நடுவில் இருக்கிற நாற்றின் வரிசை நேராகுமா? மூன்றாவது கியரில் சத்தம் என்று வந்தவருக்கு இந்த ஸ்குரூவைத் திருகி அனுப்புவது அந்த மாதிரி.

இதில் 'எல்' ஸ்குரூ விளையாட்டுப் பொருள் அல்ல. அதைத் தளர்த்தி விட்டால், மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் எல்லை தாண்டிப் போக்ஸ் கம்பிகளுக்குள் நுழைந்துவிடும். என் அறைத்தோழன் சைக்கிளில் இதுதான் நடந்தது. நடு கியரில் சத்தம் என்று ஒரு கடையில் கொடுத்தான். அவர் இரண்டு ஸ்குரூவையும் மனம்போல் திருகிக் கொடுத்தார். சத்தம் அப்படியே இருந்தது. இரண்டு நாள் கழித்து மேம்பாலம் ஏறும்போது லேசான கியருக்கு மாற்றினான். டீரெய்லர் கம்பிக்குள் போய், பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. கம்பிகள் அறுந்து, டீரெய்லர் முறுங்கி, சக்கரமே எட்டு போட்டுவிட்டது. ரிப்பேர் செலவு அந்த மாத மெஸ் பில்லைவிட அதிகம். பின்னால் பஸ் வராதது அவன் அதிர்ஷ்டம். இத்தனைக்கும் ஆரம்பத்தில் இருந்த கோளாறு ஒயரில் கொஞ்சம் துரு!

சரி, அப்படியென்றால் எந்த வரிசையில் பார்ப்பது? நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். இதன் அடிப்படை எளிமையானது. நிலையாக இருக்க வேண்டியவற்றை முதலில் பார், நுணுக்கமாக மாற்ற வேண்டியதைக் கடைசியில் தொடு.

ஒன்று: சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா?

பின் டயரையோ டியூபையோ மாற்றிய மறுநாள் கியர் தகராறு வந்தால், கியரைத் தொடவே தொடாதீர்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கும். பல்சக்கரங்கள் சக்கரத்தோடு சேர்ந்தவை, டீரெய்லரோ சட்டத்தோடு சேர்ந்தது. ஒன்று கோணினால் மற்றதன் கணக்கு தப்பும். சைக்கிளை நேராகத் தரையில் நிறுத்தி, ஆக்ஸிலின் நட்டுகளைத் தளர்த்தி, சீட்டை ஓர் அழுத்து அழுத்திச் சக்கரம் சட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி முடுக்குங்கள். செலவு சுழியம்.

இரண்டு: ஹேங்கர் வளைந்திருக்கிறதா?

டீரெய்லர் நேரடியாகச் சட்டத்தில் மாட்டப்படுவதில்லை. பெரும்பாலான அலுமினிய சைக்கிள்களில் இடையே ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். அதுதான் ஹேங்கர். அது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்டது. சைக்கிள் வலதுபக்கம் விழுந்தால் விலை உயர்ந்த சட்டம் முறியாமல், இந்தத் துண்டு வளைந்தோ உடைந்தோ சட்டத்தைக் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போல. விலை குறைந்த சில சைக்கிள்களில் இது இரும்பில், ஆக்ஸிலோடு சேர்த்து மாட்டும் வகையாக இருக்கும். அதுவும் வளையும்.

விடுதி ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையாகப் பத்து சைக்கிள் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரயிலில் பார்சல் போட்டு வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படி விழும்போது அடி வாங்குவது இந்த ஹேங்கர்.

சோதிப்பது சுலபம். சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை டீரெய்லரின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேல் குட்டிச்சக்கரம், கீழ்க் குட்டிச்சக்கரம், செயின் ஓடும் பல்சக்கரம் மூன்றும் ஒரே நேர்கோட்டில், செங்குத்தாகத் தெரிய வேண்டும். கீழ்ப்பகுதி போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம், சின்னப் பல்சக்கரங்களுக்குச் சரிசெய்தால் பெரியவற்றில் சத்தம் வரும். பெரியவற்றுக்குச் சரிசெய்தால் சின்னவற்றில் வரும். எவ்வளவு நேரம் திருகினாலும் எல்லாக் கியரும் ஒன்றாகச் சரியாகாது.

ஹேங்கரை அதற்கான கருவி வைத்திருக்கும் கடையில் நேராக்கலாம். அலுமினியம் என்றால் அடிக்கடி வளைத்தால் உடையும், புதியது மாற்றுவதே உத்தமம். டீரெய்லரோடு ஒப்பிட்டால் அது மிக மலிவு.

மூன்று: ஒயர்

நம்மூரில் கியர் கோளாறுகளுக்கு முதல் காரணம் எது என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒயரைத்தான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, அப்படியே நிறுத்தி, தை மாதம் எடுத்து ஓட்டினால் வேறு எப்படி இருக்கும்? முக்கியமாக டீரெய்லருக்குள் நுழைவதற்கு முன் வளைந்து வரும் அந்தக் கடைசி அவுட்டர் துண்டு. பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் அதன் வாயில்தான் போய் விழுகின்றன.

இங்கேதான் மேலே சொன்ன விதி உதவும்.

சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரியதற்கு ஏறத் தயங்குகிறது, ஆனால் இறங்குவது சுலபமாக இருக்கிறது என்றால், ஒயர் தளர்ந்திருக்கிறது. புது சைக்கிளில் முதல் மாதம் இது சகஜம். அவுட்டர்கள் தங்கள் இடத்தில் நன்றாகப் பொருந்தி உட்காரும்போது ஒயரில் கொஞ்சம் தளர்ச்சி வரும்.

பெரியதற்குச் சரியாக ஏறுகிறது, ஆனால் சின்னதற்கு இறங்க மட்டும் தாமதம் என்றால், பெரும்பாலும் உராய்வு. நீங்கள் இழுக்கும்போது விரலின் பலம் துருவை ஜெயித்துவிடுகிறது. திரும்பும்போது ஸ்பிரிங்கின் பலம் மட்டுமே, அதனால் ஜெயிக்க முடிவதில்லை. இதற்கு எந்தத் திருகலும் மருந்தாகாது. ஒயரையும் அவுட்டரையும் மாற்றுவதுதான் வழி.

இரண்டு பக்கமும் தகராறு என்றால் மறுபடி உராய்வு, அல்லது இரண்டாவதாகச் சொன்ன ஹேங்கர்.

அவுட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வேறு. பிரேக் அவுட்டரில் கம்பி ஸ்பிரிங் போலச் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அதனால் இழுக்கும்போது நீளம் மாறாது. சில கடைகளில் கையில் இருப்பதைப் போடுவோம் என்று கியருக்கு பிரேக் அவுட்டரை மாட்டிவிடுகிறார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பினால் கியர் தானாக மாறுகிறதா? இதுவாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடுவது ஆபத்து. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அது பிளந்துவிடக்கூடும்.

நான்கு: செயினும் பல்சக்கரமும்

'செயின் இழுத்துவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் ரிவெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. நூறு கண்ணிகளின் தேய்மானம் கூடிச் செயின் நீண்டதாகிறது.

அளப்பதற்குக் கருவி வேண்டாம், ஒரு எஃகு டேப் போதும். சைக்கிள் செயினில் ஒரு ரிவெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகவே 24 கண்ணிகளுக்குச் சரியாக 12 அங்குலம், 304.8 மி.மீ. இதைவிட ஒன்றரை மி.மீ. கூடினால் செயினை மாற்றும் நேரம். 3 மி.மீ. கூடினால் தாமதமாகிவிட்டது, பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதனால்தான் 'புதுச் செயின் போட்டேன், முன்பைவிட அதிகமாகத் துள்ளுகிறது' என்ற புலம்பல். பழைய செயினும் பழைய பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகியிருந்தன. புதுச் செயின் அந்தத் தேய்ந்த பற்களில் ஒட்டாமல் தாவுகிறது. அதிகம் பயன்படுத்தும் ஓரிரு பல்சக்கரங்களில் மட்டும் துள்ளினால் இதுதான் காரணம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அவர் ஃப்ரீவீலையும் மாற்றச் சொன்னால் அது நியாயமான பேச்சு. ஒன்றரை மி.மீ. இருக்கும்போதே செயினை மாற்றியிருந்தால் ஃப்ரீவீல் தப்பித்திருக்கும்.

துள்ளல் ஒரு தாளக்கட்டோடு வந்தால் இன்னொரு சோதனை. செயினில் 112 கண்ணி, முன் சக்கரத்தில் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். செயின் ஒரு முழுச் சுற்று வர பெடலை இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக மிதிக்க வேண்டும் (112-ஐ 42-ஆல் வகுத்தால் 2.67). அந்த இடைவெளியில் ஒரு முறை 'டொக்' என்று வந்தால், எங்கோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது. பெடலைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், டீரெய்லரைத் தாண்டும்போது அந்தக் கண்ணி துள்ளிக் காட்டிக்கொடுக்கும். கையால் பக்கவாட்டில் கொஞ்சம் அசைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை சத்தம் என்றால் பெடல், க்ராங்க் பக்கம் தேடுங்கள். இந்த எண்ணும் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை.

எண்ணெய் பற்றி இரண்டே வரி. எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் கண்ணியின் உள்ளே, வெளியே இல்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, சுற்றிவிட்டு, வெளியே உள்ளதைப் பழைய துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். செயின் மீது கிரீஸை அப்புவது மணலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

ஐந்து: கடைசியில்தான் திருகல்

மேலே சொன்ன நான்கும் சரி என்றால் மட்டும் நுணுக்கத் திருகல். அதற்கும் 'எச்', 'எல்' தேவையில்லை. ஒயர் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் அல்லது ஷிஃப்டரில் கையால் திருகக்கூடிய ஒரு திருகு இருக்கும். பேரல் அட்ஜஸ்டர் என்பார்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், அதை வெளியே வருகிற மாதிரி கால் சுற்று திருகுங்கள். ஒயர் இறுகும். சின்னதற்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம் கால் சுற்று. ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. மூன்று நான்கு சுற்றுத் திருகியும் பலனில்லை என்றால் நிறுத்துங்கள், முதல் நான்கில் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை, டீரெய்லரைக் கையால் அசைத்தால் மூட்டுகள் லொடலொடவென்று ஆடுகின்றன, குட்டிச்சக்கரங்களின் பற்கள் முள்முள்ளாகக் கூர்ந்துவிட்டன என்றால், அப்போது 'கியர் செட் போச்சு' என்று சொல்லலாம். அப்போது நானும் ஒத்துக்கொள்வேன்.

யார் குற்றம்?

கடைக்காரரைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மூர் சைக்கிள் கடை என்பது கியர் இல்லாத சைக்கிளுக்காக உருவானது. அந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே எடுத்து பங்க்சர் ஒட்டுகிற கைகள் அவை. எட்டு போட்ட ரிம்மை விரலால் தட்டியே நேராக்குபவர்கள் உண்டு. அவர்களிடம் யாரும் வந்து இந்தப் புதுச் சாமானை இப்படிப் பார் என்று சொல்லித் தரவில்லை. சைக்கிளை விற்ற நிறுவனங்கள் விற்றதோடு சரி. ஒரு ஹேங்கர் வேண்டும் என்று போனால் 'மாடல் நம்பர் என்ன' என்பார்கள், அது சைக்கிளில் எங்கும் எழுதியிருக்காது. ஹேங்கர்களில் வடிவங்கள் ஏராளம், ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஸ்ராம் நிறுவனம் 2019-ல்தான் எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதுவும் பெரும்பாலும் விலை உயர்ந்த மலைச் சைக்கிள்களோடு நிற்கிறது.

இன்னொரு குற்றவாளி 'இருபத்தோரு கியர்' என்ற விளம்பரம். முன்னால் 42, 34, 24 பற்கள், பின்னால் 14-லிருந்து 28 வரை ஏழு பல்சக்கரங்கள் என்பது பரவலாகக் கிடைக்கும் ஓர் அமைப்பு. பெருக்கினால் 21 வருவது சரிதான். ஆனால் 42-க்கு 28 என்பதும் 24-க்கு 16 என்பதும் ஒரே 1.5 மடங்கு. 34-க்கு 20 என்றால் 1.70, 24-க்கு 14 என்றால் 1.71. காலுக்கு வித்தியாசமே தெரியாது. போதாக்குறைக்கு முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேர்ந்தால் செயின் குறுக்காக ஓடி சத்தம் போடும், தேயும். இப்படிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பாதியை ஒட்டிய எண்ணிக்கைதான். நம் தேவைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஏழு போதும். முன் டீரெய்லர், அதன் ஒயர், அதன் ஷிஃப்டர் என்று மூன்று தலைவலி குறையும்.

வரலாறும் இதையே சொல்கிறது. டூர் தி ஃபிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த ஹென்றி தெக்ராஞ்ச் டீரெய்லரைத் தொழில்முறை வீரர்களுக்கு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1937-ல்தான் கதவு திறந்தது. அதன்பிறகும் பல பத்தாண்டுகள் கிளிக் சத்தம் இல்லாத நெம்புகோல்தான். ஓட்டுபவர் காதால் கேட்டு, கையால் கொஞ்சம் கூட்டிக் குறைத்து நிறுத்திக்கொள்வார். ஒயர் தளர்ந்திருந்தால் கையே அதைச் சரிசெய்துவிடும். 1984-ல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் வரிசையில் கிளிக் கியரைக் கொண்டுவந்தது. அது வெற்றி பெற்று எல்லா சைக்கிள்களுக்கும் பரவியது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கையிடமிருந்த சரிசெய்யும் வேலை ஒயரின் அளவுக்குப் போய்விட்டது. அதன்பின் கியர்களின் எண்ணிக்கை கூடக்கூட இடைவெளி குறைந்தது. 7 கியரில் 5 மி.மீ. இருந்தது 10 கியரில் 4 மி.மீ.க்கும் கீழே. பந்தயக்காரர்களுக்கு அது தேவையாக இருக்கலாம். விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து டீக்கடைக்கும் போகிறவர்களுக்கு அந்தத் துல்லியம் ஒரு சுமை.

'அப்படியானால் கியரே வேண்டாமே' என்று ஒரு கட்சி இருக்கிறது. அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளில் கியர் இல்லை, பிள்ளைகள் ஓட்டவில்லையா என்பார்கள். சமவெளியில் நாலைந்து கிலோமீட்டர் போகிறவருக்கு அது சரியான பதில், நானும் அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் ஏற்காட்டுப் பாதையிலோ, ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிராகவோ மிதித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். முட்டிவலிக்காரர்கள், பின்னால் மூட்டை கட்டுகிறவர்கள், தினமும் இரண்டு மேம்பாலம் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் கியர் சைக்கிளை ஓட்டுவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். கியர் தேவையா என்பதை உங்கள் பாதை முடிவு செய்யட்டும், துருப்பிடித்த ஒயர் முடிவு செய்ய வேண்டாம்.

என்ன செய்யலாம்?

வாங்குகிறவர்கள், சைக்கிள் வாங்கும்போதே அந்த மாடலுக்கான ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். அது கிடைக்காது என்று சொல்கிற கடையில் அந்த சைக்கிளை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

நிறுவனங்கள், ஹேங்கரின் எண்ணைச் சட்டத்தின் மீது அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? விற்பனையாளர்களுக்குத் தருகிற பயிற்சியில் ஒரு நாளைத் தெருமுனைக் கடைக்காரருக்கும் கொடுக்கலாம். அவர்தானே நாளை உங்கள் பெயரைக் காப்பாற்றப் போகிறவர்?

கல்லூரிகள், உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செலவழிப்பதில் ஒரு துளியில் ஒரு ரிப்பேர் ஸ்டாண்டும், ஆலன் சாவிகளும், ஒரு செயின் கருவியும், ஹேங்கர் நேராக்கும் கருவியும் வாங்கிவிடலாம். சைக்கிள் வைத்திருக்கும் மாணவர்கள் இருக்கும் இடத்தில் அது சும்மா கிடக்காது.

நாம், 'ஏன்?' என்று கேட்கப் பழக வேண்டும். 'செட்டை மாத்தணும்' என்றால், சண்டைக்கு இல்லை, மரியாதையாக, "ஹேங்கர் நேரா இருக்கா பாத்தீங்களாண்ணே? ஒயர் புதுசா போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மெக்கானிக் என்றால் அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அமெரிக்காவில் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு சைக்கிள் மெக்கானிக் இருந்தார். 2008-ல் இறந்துவிட்டார். தனக்குத் தெரிந்ததை எல்லாம் யாரும் இலவசமாகப் படிக்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போனார், இன்றும் உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் பலர் தங்கள் சைக்கிளைச் சரிசெய்கிறார்கள். அந்த மாதிரி தமிழில் எழுதினால் படிக்க ஆளில்லை என்று நான் நம்பவில்லை. நம் கடைக்காரர்களிடம் இருக்கும் கைப்பழக்கத்தோடு இந்த வரிசையும் சேர்ந்தால், ஸ்டாண்டின் மூலையில் கிடக்கும் அந்த சைக்கிள்களில் பாதியாவது ஒரு ஒயர் செலவில் மறுபடி ரோட்டுக்கு வந்துவிடும்.

மழைக்காலம் முடிந்ததும் முதலில் ஒயரைப் பாருங்கள்.